பீடி தொடாத அம்மாவுக்கு ஏன் இந்த மூச்சு நோய்?

உங்கள் கேள்வியை ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். அம்மாவுக்கு 58 வயது. பீடி, சிகரெட், சுருட்டு எதையும் அவர் தொட்டதில்லை. வீட்டில் வேறு யாரும் புகைப்பதும் இல்லை. ஓர் ஆண்டாக மாடி ஏறினால் மேல்மூச்சு வாங்குகிறது. காலையில் எழுந்ததும் சளி கட்டிக்கொண்டு இருமுகிறார். மருத்துவர் ஒரு குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு ‘சி.ஓ.பி.டி.’ என்றாராம், இன்ஹேலர் எழுதிக் கொடுத்தாராம். தேடிப் பார்த்தால் அது புகைப்பவர்களின் நோய் என்று வருகிறது. உறவினர்களோ, இன்ஹேலரைத் தொட்டால் பிறகு விடவே முடியாது என்கிறார்கள். நுரையீரல் எப்படித்தான் வேலை செய்கிறது, அம்மாவுக்கு இது எப்படி வந்தது, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதில் சொல்லும் முன் நான் உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் அம்மா எத்தனை வயதில் அடுப்பூதத் தொடங்கினார்? பத்திலா, பன்னிரண்டிலா? கேஸ் அடுப்பு உங்கள் வீட்டுக்கு எந்த ஆண்டு வந்தது? அது வந்த பிறகும் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், விருந்தாளிகள் வந்தால் சோறு வடிக்கவும் கொல்லைப்புறத்து விறகடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்தது?

நான் நெஞ்சக நோய் மருத்துவத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறேன். நோயாளியின் தாளில் ‘புகைப் பழக்கம்: இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவது எங்களிடையே சாதாரணம். கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு எதிரில் உட்கார்ந்து அந்த வரியை எழுத இப்போது எனக்குக் கை வருவதில்லை. சீமைக்கருவேல முள்ளும் பருத்திமாரும் தென்னை மட்டையும் வறட்டியும் எரித்து, ஜன்னல் இல்லாத அடுப்படியில் முப்பது நாற்பது ஆண்டுகள் குனிந்து உட்கார்ந்த ஒருவரைப் புகைக்காதவர் என்று எப்படி எழுதுவது? இழுத்த புகையை அவர் விரும்பி இழுக்கவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. ‘நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்’ என்பதுதான் சி.ஓ.பி.டி.க்குத் தமிழ்ப் பெயர். அந்தப் பெயரில் புகையிலை இல்லை, அடைப்புதான் இருக்கிறது. அது எங்கே அடைக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளுக்கெல்லாம் விடை தானாகக் கிடைக்கும். அதற்கு மூச்சின் பாதையில் ஒருமுறை உள்ளே போய் வர வேண்டும்.

மூக்கு, காற்றுக்கு வாசற்படி மட்டும் இல்லை. உள்ளே நுழையும் காற்றை அது உடல் சூட்டுக்கு ஏற்றி, ஈரமாக்கி, பெரிய தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஊதுகுழலால் அடுப்பை ஊதும் பெண்ணுக்கு இந்தக் காவல் கிடைப்பதில்லை. அவர் நெருப்புக்கு ஒரு முழ தூரத்தில் முகத்தை வைத்து, முழு மூச்சையும் குழலில் ஊதிவிட்டு, அடுத்த மூச்சை வாயால் ஆழமாக இழுக்கிறார். ஈர விறகென்றால் இன்னும் பலமாக ஊத வேண்டும். இன்னும் ஆழமாக இழுக்க வேண்டும். ஊதும்போது இழுக்கும் அந்த மூச்சுதான் நாளிலேயே மிக ஆழமான மூச்சு, மிக அழுக்கான காற்றும் அதுவே.

தொண்டைக்குக் கீழே மூச்சுக்குழல். ஏறக்குறைய 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளம். குருத்தெலும்பு வளையங்கள் அதை அமுங்காமல் பிடித்துக்கொள்கின்றன. வளையங்களின் பின்புறம் திறந்திருக்கும். அங்கே உணவுக்குழல் ஒட்டிக்கொண்டு போவதால், பெரிய கவளம் இறங்கும்போது இடம் கொடுக்க அந்தத் திறப்பு உதவுகிறது. மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிறது. வலப்பக்கக் கிளை சற்று அகலமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். சிறு குழந்தைகள் நிலக்கடலையை விழுங்கிப் புரையேறினால் அது பெரும்பாலும் வலது நுரையீரலில் போய் உட்காருவது இதனால்தான். நான்கைந்து வயதுவரை முழு நிலக்கடலையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள் என்று இங்கேயே சொல்லி வைக்கிறேன். அதை எடுக்க நாங்கள் படும் பாடு கொஞ்சம் இல்லை.

அந்த இரண்டு கிளைகள் நான்காகி, எட்டாகி, ஏறத்தாழ 23 முறை பிரிகின்றன. முதல் 16 பிரிவுகள் வரை காற்று வெறுமனே நடந்துபோகும் வழிகள். அங்கே இரத்தத்துக்கும் காற்றுக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை. அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது நாம் ஒரு மூச்சில் சுமார் 500 மில்லிலிட்டர் காற்றை இழுக்கிறோம். அதில் 150 மில்லிலிட்டர் இந்த வழிகளிலேயே நின்றுவிட்டு, அப்படியே வெளியே திரும்பிவிடுகிறது. உள்ளே பயன்படுவது 350 மட்டும். இந்தக் கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இந்தப் பாதைகளின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத குற்றிழைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. வயலில் காற்றடித்தால் நெற்கதிர்கள் ஒரே திசையில் சாய்வதுபோல, நொடிக்குப் பத்து முறைக்கும் மேல் அவை மேல்நோக்கி அசைகின்றன. அவற்றின் மேல் கோழை ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, இழைகள் அதைத் தொண்டைவரை ஏற்றிக் கொண்டுவந்து விடுகின்றன. நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். புகை முதலில் அடிப்பது இந்த இழைகளைத்தான். அவை சோர்ந்து நின்றுவிட, கோழைச் சுரப்பிகளோ எரிச்சலில் இரண்டு மடங்காகச் சுரக்கின்றன. தள்ளுவாரில்லாத சளி இரவெல்லாம் தேங்கிக் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் உங்கள் அம்மா இருமுவது அந்த இழைகள் செய்ய வேண்டிய வேலையைத்தான். அந்த இருமலை மருந்து கொடுத்து அடக்கிவிடக் கூடாது.

இன்னும் கீழே, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான சிறு குழல்கள். இவற்றுக்குக் குருத்தெலும்பு வளையம் கிடையாது. வெறும் தசையும் சவ்வும்தான். உங்கள் அம்மாவின் நோய் இங்கேதான் தொடங்கியது. இந்தக் குழல்கள் ஒவ்வொன்றும் சிறியவை என்றாலும் எண்ணிக்கையில் அளவற்றவை; எல்லாவற்றையும் சேர்த்தால் அகலம் மிகப் பெரிது. அதனால் அவற்றில் பெரும் பகுதி சுருங்கிப் போகும்வரை ஆளுக்கு ஒன்றும் தெரியாது. மார்பு எக்ஸ்ரேயிலும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் ஓசையில்லாமல் சேதம் நடக்கும். ‘கேஸ் வந்து பத்து வருடம் ஆயிற்றே, இப்போது ஏன் வர வேண்டும்?’ என்று பலர் கேட்கிறார்கள். நுரையீரலின் திறன் இருபதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு ஆரோக்கியமானவர்களுக்கே ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 30 மில்லிலிட்டர் குறைகிறது. புகை அந்தச் சரிவை வேகமாக்கும். சிறு வயதிலேயே அடுப்படிக்குப் போன பெண்ணின் நுரையீரல் அந்த உச்சத்தையே முழுமையாக எட்டியிருக்காது. இருப்பு குறைவு, செலவு அதிகம். கையிருப்பில் பாதி தீரும்வரை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை; அந்தப் பாதி தீர்ந்தது இப்போதுதான் மாடிப்படியில் தெரியவந்திருக்கிறது.

பாதையின் முடிவில் காற்று நுண்ணறைகள். 30 கோடியிலிருந்து 50 கோடி வரை இருக்கும். அத்தனையையும் பிரித்து விரித்தால் சுமார் 70 சதுர மீட்டர் வரும், நம் கணக்கில் 750 சதுர அடி, ஒரு நடுத்தரக் குடும்பத்தின் முழு வீடு. நுண்ணறையின் காற்றுக்கும் இரத்தத்துக்கும் நடுவே உள்ள சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஓர் இரத்த அணு அந்தச் சுவரை உரசிக்கொண்டு போவதற்கு முக்கால் நொடிதான் ஆகிறது. அதில் முதல் கால் நொடிக்குள்ளேயே ஆக்சிஜன் ஏறி முடிந்துவிடும். மீதி அரை நொடி நமக்குக் கையிருப்பு. ஓடும்போது இரத்தம் வேகமாகப் பாய்ந்தாலும் ஆக்சிஜன் குறையாமல் இருப்பது அந்தக் கையிருப்பால்தான். ஏறிய ஆக்சிஜனை ஹீமோகுளோபின் சுமந்துபோகிறது. விறகும் கரியும் சரியாக எரியாதபோது கிளம்பும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அதே ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். மூடிய அடுப்படியில் நெடுநேரம் இருந்த பெண்கள் தலைவலி என்று சொல்வதற்கு வெக்கை மட்டுமே காரணம் இல்லை.

மூச்சை இழுப்பதும் விடுவதும் ஒரே மாதிரியான வேலைகள் அல்ல. அம்மாவின் கஷ்டம் முழுதும் இந்த வேறுபாட்டில் இருப்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசை கவிழ்த்த கிண்ணம் போல மேலே குவிந்திருக்கிறது. அது சுருங்கும்போது கீழே இறங்கித் தட்டையாகிறது. விலா எலும்புகள் மேலேறி விரிகின்றன. நெஞ்சுக்கூட்டின் கொள்ளளவு கூட, உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தானாக உள்ளே பாய்கிறது. இழுப்பதற்குத் தசை உழைக்கிறது. விடுவதற்கு, ஓய்வாக இருக்கும்போது, எந்தத் தசையும் உழைப்பதில்லை. இழுபட்ட ரப்பர் போல நுரையீரல் தன் இயல்பால் சுருங்குகிறது, காற்று வெளியேறுகிறது. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 20,000 முறை இப்படி உழைப்பில்லாமல் மூச்சு விடுகிறோம்.

அந்த இழுவைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பந்தலின் கால்களை நாலாபுறமும் கயிறு கட்டி இழுத்து நிறுத்துவதுபோல, சிறு குழல்களைச் சுற்றியுள்ள நுண்ணறைச் சுவர்கள் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்து அவற்றைத் திறந்து வைத்திருக்கின்றன. புகை ஆண்டுக்கணக்கில் உள்ளே போகும்போது அதை விழுங்கித் தீர்க்க வரும் வெள்ளை அணுக்கள் கக்கும் நொதிகள், இந்தச் சுவருக்கு அந்த ரப்பர் தன்மையைத் தரும் நாரிழைகளையும் சேர்த்துக் கரைத்துவிடுகின்றன. கயிறு அறுந்த பந்தல் தொய்வதுபோலக் குழல் தொய்கிறது. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிவதால் குழலும் எப்படியோ திறந்துகொள்ளும். விடும்போதுதான் அமுங்கி அடைத்துக்கொள்ளும். புகையிலை பிடித்தவர்களிடம் இந்தச் சுவர்ச் சேதம் அதிகம். விறகுப் புகை பட்ட பெண்களிடம் சிறு குழலின் சுவரே தடித்துத் தழும்பேறிச் சுருங்குவது அதிகம். உள்நோக்குக் குழாயை விட்டுப் பார்க்கும்போது அவர்களின் மூச்சுக்கிளைச் சுவரில் கரித்தீற்றலாகக் கறுப்புப் படிந்திருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். அடுப்படிக் கூரையில் படியும் அதே கரிதான். இரண்டு வழியிலும் முடிவு ஒன்று: உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதில்லை.

இதை நீங்களே உணர்ந்து பார்க்கலாம். முழு மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். அதில் கால் பங்கை மட்டும் விடுங்கள். மீண்டும் இழுங்கள், மீண்டும் கால் பங்கு மட்டும் விடுங்கள். நான்கைந்து முறைக்குள் நெஞ்சு பிடித்துக்கொண்டது போல ஆகிவிடும், தோள்கள் தாமாக மேலேறும். இப்போது இந்த நிலையிலேயே மாடி ஏற வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா தினமும் ஏறுவது அப்படித்தான். பழைய காற்று உள்ளே அடைந்து கிடப்பதால் புதியதற்கு இடமில்லை. ஊதிய நெஞ்சு உதரவிதானத்தை ஏற்கெனவே கீழே தள்ளித் தட்டையாக்கிவிட்டதால் அது மேலும் இறங்க வழியில்லை. கழுத்துத் தசைகளைத் துணைக்கு இழுத்துக்கொண்டுதான் அவர் மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. வேகமாக நடந்தால் மூச்சை விட நேரம் போதாமல் அடைப்பு இன்னும் கூடும்.

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அது 96, 97 காட்டினால், ‘ஆக்சிஜன் நன்றாகத்தானே இருக்கிறது, அம்மா சும்மா சொல்கிறார்’ என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். மூச்சு வாங்குவதென்ற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதே இல்லை. நீருக்கடியில் மூச்சைப் பிடிக்கும்போது நம்மை மேலே வரத் துரத்துவது, சேரும் கரியமில வாயு. அதைத்தான் மூளையின் அடியில் இருக்கும் முகுளம் முதலில் கவனிக்கிறது. அதோடு, எவ்வளவு உழைக்கிறோம், பதிலுக்கு எவ்வளவு காற்று வந்தது என்ற கணக்கையும் மூளை பார்த்துக்கொண்டே இருக்கிறது. உழைப்பு பத்து, வரவு இரண்டு என்றால் அதுதான் மூச்சுத்திணறல். அம்மாவின் விரலில் 97 இருக்கும்போதே அவர் நெஞ்சு அந்தக் கணக்கில் தோற்றுக்கொண்டிருக்கலாம்.

அவர் ஊதிய குழாய்க்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர். 1846-லேயே ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் அதன் முதல் வடிவத்தை விவரித்து எழுதினார். முழு மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் பலமாக ஊத வேண்டும். முதல் நொடியில் எவ்வளவு வந்தது, மொத்தம் எவ்வளவு வந்தது என்று கருவி பார்க்கிறது. ஆரோக்கியமானவர்கள் மொத்தத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் முதல் நொடியிலேயே தள்ளிவிடுவார்கள். குழலை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகும் 70-ஐத் தாண்டவில்லை என்றால் அது நிலையான அடைப்பு. ஆஸ்துமாவில் மருந்து கொடுத்ததும் பெரும்பாலும் நன்றாகத் திறந்துகொள்ளும். பகலுக்கும் இரவுக்கும், பருவத்துக்குப் பருவம் கூடிக் குறையும். ‘வீசிங்’ என்று ஒரே பெயரில் இரண்டையும் அழைத்து, ஊதிப் பார்க்காமலே ஆண்டுக்கணக்கில் ஊசியும் மாத்திரையுமாக ஓட்டிவிடுவது நம் ஊர்களில் அதிகம். உங்கள் மருத்துவர் ஊதச் சொன்னதிலேயே பாதி நல்லது நடந்துவிட்டது.

அடுப்புதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டவும் கூடாது. எப்போதாவது அம்மாவுக்குக் காசநோய் வந்து குணமானதா என்று கேளுங்கள். மருந்தால் கிருமி செத்த பிறகும் தழும்பு அடைப்பாக நின்றுவிடுவதுண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். நூற்பாலையில் வேலை பார்த்தவர் என்றால் பஞ்சுத் தூசி, கல்குவாரி என்றால் கல்தூசி, கரிமூட்டம் போட்டவர் என்றால் மறுபடியும் புகை. சிறு வயதில் அடிக்கடி நெஞ்சுச்சளி வந்ததும் கணக்கில் சேரும். நுரையீரலே காரணம் இல்லாமல் இரத்தசோகையாலும் இதயத்தாலும் மூச்சு வாங்கலாம். 58 வயதில் ஓர் இரத்தப் பரிசோதனையும் ஒரு இ.சி.ஜி.யும் எடுத்துப் பார்ப்பது கட்டாயம்.

விறகுப் புகை எவ்வளவு என்பதற்கு நம் மண்ணிலேயே அளந்த கணக்கு உண்டு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனின் குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தமிழகக் கிராமத்து அடுப்படிகளின் காற்றை அளந்துவருகிறது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடந்து, 2022-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில் இந்தியத் தளம் தமிழ்நாட்டுக் கிராமங்கள்தாம். பாதிப் பேருக்கு இலவசமாக கேஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 70 மைக்ரோகிராம் நுண்துகள். கேஸுக்கு மாறியவர்களுக்குச் சுமார் 24. ஆண்டு சராசரி 5-ஐத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டல். அந்த ஆய்வில் எதிர்பார்த்தபடி குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அடுப்பை மாற்றினால் எல்லாம் ஒரே ஆண்டில் சரியாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நுரையீரல் விஷயத்தில் நம்பிக்கை தரும் சான்று உண்டு. சீனத்தின் ஷுவான்வெய் பகுதியில் வீட்டுக்குள் திறந்த அடுப்பில் புகைநிலக்கரி எரித்தவர்கள் புகைபோக்கி வைத்த அடுப்புக்கு மாறிய பிறகு, அவர்களிடம் இந்த நோய் வருவது குறைந்தது என்று 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. எரிபொருளைக்கூட மாற்றவில்லை. புகை வெளியே போக ஒரு வழி வைத்தார்கள்.

இனி இன்ஹேலர். உறவினர்களின் பயத்தை நான் குறை சொல்லவில்லை; மூச்சு முட்டும்போதெல்லாம் ஒருவர் அதைத் தேடுவதைப் பார்த்தால் அடிமையாகிவிட்டார் என்றுதான் தோன்றும். கண்பார்வை குறைந்தவர் கண்ணாடியைத் தேடுவதைப் போன்ற தேடல் அது. சால்பூட்டமால் என்ற மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரையாகப் போட்டால் 4 மில்லிகிராம்; வயிற்றில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, கை நடுக்கத்தையும் படபடப்பையும் கொடுத்துவிட்டு, மிச்சம் நுரையீரலுக்குப் போகும். இன்ஹேலரின் ஓர் அழுத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. அது நேராக அடைப்புள்ள இடத்துக்கே போகிறது. மாத்திரையை ‘லேசான மருந்து’ என்றும் இன்ஹேலரைக் ‘கடைசி மருந்து’ என்றும் நம்புவது உண்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வது.

ஆனால் மருந்து உள்ளே போக வேண்டும். என்னிடம் வருபவர்களில் பலர் அதை வாசனைத் தெளிப்பான் போல வாய்க்குள் அடித்துக்கொள்கிறார்கள். மருந்து தொண்டையில் பட்டு நின்றுவிடுகிறது. முதலில் மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும். உதட்டைக் கவ்வி, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, தொடர்ந்து ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும். கை, வாய் ஒத்துழைக்கவில்லை என்றால் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையை நடுவில் வைத்துக்கொள்ளலாம். அதைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் என்றால் முடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்; இல்லையென்றால் வாயில் வெண்படலம் பிடிக்கும். இன்ஹேலர் போன நுரையீரலைத் திருப்பித் தராது. இருக்கிற வழியைத் திறந்து வைக்கும், திடீரென்று முற்றுவதைக் குறைக்கும். அது சிறிய காரியம் இல்லை. ஒவ்வொரு முறை நெஞ்சுச்சளி முற்றி மருத்துவமனையில் படுக்கும்போதும் நுரையீரலில் கொஞ்சம் திரும்பி வராமலே போய்விடுகிறது. ஃப்ளூ தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டுவிடுங்கள்; நிமோனியா தடுப்பூசியை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து இல்லாத ஒரு வைத்தியமும் உண்டு. சூடான பாலை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து, மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்ததை நான்கு எண்ணும்வரை மெல்ல விட வேண்டும். குவிந்த உதடு பின்னால் கொஞ்சம் அழுத்தத்தை ஏற்படுத்துகிறது. தொய்ந்த சிறு குழல்களை அந்த அழுத்தம் உள்ளிருந்து திறந்து வைக்கிறது, அடைந்த காற்று வெளியேறுகிறது. முன்பு சொன்ன கணக்கு இங்கே வருகிறது. நிமிடத்துக்கு 20 முறை 250 மில்லிலிட்டர் இழுத்தாலும், 10 முறை 500 இழுத்தாலும் மொத்தம் 5 லிட்டர்தான். ஒவ்வொரு மூச்சிலும் 150 வீணாகிறதே. முதலாமவருக்குப் பயன்படுவது 2 லிட்டர், இரண்டாமவருக்கு 3.5. பதறி வேகமாக வாங்கும் மூச்சு வீணாகும் மூச்சு. மாடிப்படியில் இரண்டு படிக்கு ஒருமுறை நின்று இப்படி ஊதிக்கொண்டே ஏறச் சொல்லுங்கள். உதட்டைக் குவித்து ஊதுவதை அம்மாவுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்கத் தேவையே இருக்காது. ஊதுகுழல் பிடித்தவர்கள் முதல் முறையிலேயே சரியாகச் செய்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சு கனத்துப்போகிறது.

மூச்சு வாங்குகிறது என்று அவரை உட்கார வைத்துவிடாதீர்கள். நடக்காத கால்களின் தசை மெலிகிறது. மெலிந்த தசைக்கு அதே தூரத்துக்கு இன்னும் அதிக மூச்சு தேவைப்படுகிறது. சமதரையில் தினமும் நடக்கட்டும், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில். வயிறு நிறையச் சாப்பிட்டால் உதரவிதானத்துக்கு இடம் குறையும். மூன்று வேளையை ஐந்து சிறு வேளைகளாகப் பிரித்து, பருப்பு, முட்டை, மீன் குறையாமல் கொடுங்கள். இரவில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதை நிறுத்துங்கள். ஒரு சுருள் எரியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கொசுவலை கட்டிக்கொள்ளலாம்.

வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஓய்வாக இருக்கும்போதே ஆக்சிஜன் நிலையாகக் குறைந்துவிட்டவர்களுக்கு, நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் கொடுத்தால் அது ஆயுளைக் கூட்டும் என்பது 1980, 1981 ஆய்வுகளில் நிறுவப்பட்டது. 97 இருப்பவருக்கு அது பயன் தராது. முற்றிய நோயில் அளவுக்கு மீறிக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடக்கூடும். அதனால்தான் நாங்கள் 88-க்கும் 92-க்கும் நடுவே நிறுத்தி வைக்கிறோம். நீங்களாக வாங்கிக் குழாயைத் திருகாதீர்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சுக் குழறித் தூக்கக் கலக்கமாகவே இருந்தாலோ, ஒரு வாக்கியம் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டாலோ, சளியில் இரத்தம் வந்தாலோ, காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வயதிலிருந்து எந்த வயது வரை விறகடுப்பு, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். நாளுக்கு நான்கு மணி நேரம், முப்பத்தைந்து ஆண்டுகள் என்றால் பெருக்கி 140 மணி-ஆண்டுகள் என்று எழுதுங்கள். அதை அவர் தாளில் ‘புகைப் பழக்கம்: இல்லை’ என்ற வரிக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், கொல்லையில் வெந்நீர் அடுப்பை இப்போது யார் பற்ற வைக்கிறார்கள் என்று பாருங்கள். அது உங்கள் மனைவியாகவோ தங்கையாகவோ இருந்தால், அம்மாவின் மருந்துச் செலவோடு இன்னொரு சிலிண்டரின் செலவையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.